துணை தேடும் வழி: முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வீட்டின் முதல் பட்டதாரியாகப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு,

ஒருவர் கல்வியிலும் தொழிலிலும் எட்டும் உயரத்தில் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. படித்த குடும்பத்தில் பிறப்பவருக்கு இந்தச் சுற்றம் பிறப்போடு வந்துவிடுகிறது. எந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று சித்தப்பா சொல்லிவிடுகிறார். நேர்காணலில் வரக்கூடிய கேள்விகளை அத்தை மகள் முன்கூட்டியே கேட்டுப் பழக்கிவிடுகிறாள். விண்ணப்பக் கடிதத்தை யாரோ ஒருவர் படித்துத் திருத்திக் கொடுக்கிறார். அந்தக் குடும்பத்தில் இவற்றை உதவி என்றுகூட யாரும் நினைப்பதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு ஒரு சான்றிதழ் தருகிறது. அதைக் கொண்டு தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை பெறலாம். ஆனால் சித்தப்பாவும் அத்தை மகளும் செய்யும் வேலையைச் செய்யக்கூடிய மனிதர்களை மாணவர் தாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, வெற்றி பெற்றவர்களோடு மட்டும் பழகு என்பது. ஒரு மனிதன் தன்னோடு அதிகம் பழகும் ஐந்து பேரின் சராசரி என்ற வாசகமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜிம் ரோன் என்ற அமெரிக்கப் பேச்சாளரின் பெயரில் வழங்கும் அந்த வாசகம் எந்த ஆய்விலிருந்தும் பிறந்ததன்று. முதல் தலைமுறை மாணவரை அது தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். அவரோடு அதிகம் பழகும் ஐந்து பேர் அம்மா, அப்பா, தம்பி, தங்கை, பள்ளித் தோழன். சராசரியை உயர்த்துவதற்காக இவர்களை விலக்கச் சொல்லும் அறிவுரை கொடியது, பயனற்றதும்கூட. ஒரே வகை மனிதர்களின் கூட்டம் யாருக்கும் முழுத் துணையாக இருந்ததில்லை. ஒருவர் கற்றுக்கொடுக்கிறார். இன்னொருவர் தம் பெயரைப் பணயம் வைத்துச் சிபாரிசு செய்கிறார். வேறொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாழ்க்கையின் திசையை மாற்றிவிடுகிறார். யாரிடம் எதைப் பெற வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் துணையைத் தேர்ந்தெடுக்கும் திறன் இருக்கிறது.

இதற்குத் தமிழில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை. 1855ஆம் ஆண்டு பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர், 1942இல் மறையும் முன் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். ‘என் சரித்திரம்’ என்ற அந்த நூல் முற்றுப்பெறவில்லை. ஆனாலும் தமக்கு இன்னார் இன்னது செய்தார் என்று பெயர் பெயராக, இடம் இடமாகப் பதிந்துவைத்த அதுபோன்ற நூல் தமிழில் அரிது. அவர் காலத்துச் சாதி அமைப்பு அவருக்குத் திறந்துவிட்ட கதவுகள் பலருக்கு மூடியே இருந்தன என்பதை மறக்கக் கூடாது. இன்றைய மாணவர் ஒருவரின் வாழ்க்கையை அளக்க அவர் வாழ்க்கை அளவுகோலாகாது. ஆனால் பணமோ ஆங்கிலப் படிப்போ செல்வாக்கோ இல்லாத ஓர் இளைஞனை யார் யார் எப்படி மேலே கொண்டுசென்றார்கள் என்பதை அந்த நூல் நுட்பமாகக் காட்டுகிறது.

அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். நிலையான வருமானம் கிடையாது. மகனுக்குத் தமிழில்தான் ஆசை என்று தெரிந்ததும், தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கே குடும்பம் போயிற்று. அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊருக்கு ஓர் ஆசிரியர். இவர்களில் எவரும் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். தமக்குத் தெரிந்த நூலைச் சொல்லிக்கொடுத்தார்கள். விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் கற்பித்ததோடு, இந்தப் பையன் இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் படிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

நல்ல துணையின் முதல் அடையாளம் இதுதான். தம்மிடம் இருப்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் போக வேண்டிய இடமும் தெரியும். அனுப்பிவைக்க மனமும் உண்டு. போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒருவர், இந்தத் தாளுக்கு என்னைவிட இன்னார் நன்றாக நடத்துவார் என்று சொன்னால் அவரை விட்டுவிடக் கூடாது. இன்னொருவரிடம் பேசப் போனதற்கே முகம் சுளிக்கும் வழிகாட்டியின் கீழ் நெடுநாள் இருப்பது நல்லதன்று.

1871இல் சாமிநாதையர் மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876இல் பிள்ளை இறக்கும்வரை அவரிடமே இருந்தார். பிள்ளை பணம் வாங்கிக்கொண்டு பாடம் சொன்னவர் அல்லர். அவரே கடனில் உழன்றவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் இருந்துகொண்டு, வருபவர்களுக்கெல்லாம் நாள் முழுதும் பாடம் சொன்னார். அந்த மாணவர் கூட்டத்தில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் இருந்தார். ஆசிரியருக்கு மிக அணுக்கமாகத் தொண்டு செய்தவர் அவர். பிள்ளையின் இறுதி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களும் இந்த மாணவர்களே. ஒருவர் திறமையை ஆண்டுக்கணக்கில் செதுக்கித் தரும் உறவு இது. இத்தகையவர் வாழ்க்கையில் ஒருவர், அல்லது இருவர் வாய்ப்பார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அந்த உறவுக்கு ஒரு விலையும் இருந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில் இருந்தார். சாமிநாதையர் அவரிடம் சங்கீதம் கற்கத் தொடங்கினார். பிள்ளைக்குச் சங்கீதத்தில் விருப்பமில்லை; தமிழ்ப் படிப்புக்கு அது இடையூறாகும் என்று நினைத்தார். மாணவர் சங்கீதத்தை விட்டார். சங்கீதப் பரம்பரையில் வந்த ஒருவருக்கு இது சிறிய இழப்பன்று. பெரிய ஆசிரியரின் நிழலில் இருப்பவர் அவருடைய விருப்பு வெறுப்புகளுக்குள்ளும் வாழ வேண்டியிருக்கிறது. இன்றும் ஆய்வு நெறியாளரையோ மூத்த வழக்கறிஞரையோ நம்பி உள்ளே போகும் இளைஞர் இதை அறிந்தே போக வேண்டும்.

பிள்ளைக்குப் பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரை ஆதரித்தார். மடத்திலேயே இருந்து பாடம் கேட்கவும் சொல்லவும் வசதி செய்துகொடுத்தார். அப்படியே காலம் முழுவதும் இருந்திருக்கலாம். ஆனால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற விரும்பியபோது, தம் இடத்துக்கு வேறு யாரையும் சொல்லாமல் சாமிநாதையரைச் சொன்னார். செட்டியாரும் பிள்ளையின் மாணவர்தான். மூத்த தலைமுறை மாணவர். கண்டிப்புக்குப் பெயர்போனவர். அவர் வார்த்தையைக் கல்லூரி முதல்வர் கோபால ராவ் மதித்தார். 1880 பிப்ரவரியில் சாமிநாதையர் அந்த வேலையில் அமர்ந்தார்.

வழிகாட்டிக்கும் சிபாரிசு செய்பவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அறிவுரை சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒருவரை ஒரு வேலைக்குச் சொல்லும்போது சொல்பவரின் நற்பெயர் பணயம் வைக்கப்படுகிறது. அனுப்பிய ஆள் சரியில்லை என்றால் அடுத்த முறை அவர் சொல் எடுபடாது. செட்டியார் அந்தப் பணயத்தை வைக்கத் துணிந்ததற்குக் காரணம், இளையவரின் படிப்பைப் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்திருந்ததுதான். வேலையைக் காட்டாமல் சிபாரிசு கேட்பது பெரும்பாலும் வீணாகப் போவதற்கும் இதுவே காரணம். சுப்பிரமணிய தேசிகர் செய்ததும் எளிய காரியமன்று. சாமிநாதையரை மடத்திலிருந்து அனுப்ப அவருக்கு மனமில்லை. ஆயினும் விடை கொடுத்தார். பின்னாளில் சுவடிகள் தந்து உதவவும் செய்தார். தம்மிடம் வளர்ந்த ஒருவர் தம்மைக் கடந்து போவதைப் பொறுத்துக்கொண்டு ஆசி சொல்லும் பெரியவர் கிடைப்பது பெரும்பேறு.

இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரே நூல்களைப் படித்தவர்கள். அந்த வட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று உள்ளே இருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சொன்னவர் வெளியிலிருந்து வந்தார்.

1880 அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தார். ஆங்கிலம் கற்றவர், பின்னர் 1885இல் இந்தியர் குறைகளை எடுத்துச்சொல்ல இங்கிலாந்து சென்ற மூவரில் ஒருவர். சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று ஐயர் பட்டியலிட்டார். மகாவித்துவானிடம் படித்தவர் என்பதோ, படித்த நூல்களின் எண்ணிக்கையோ முதலியாரை அசைக்கவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பொருள்படப் பேசிவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அப்படியே மனம் புண்பட்டு ஐயர் திரும்பிவராமல் இருந்திருக்கலாம். அவர் மறுபடி போனார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். படித்துப் பொருள் சொல்லும்படி கேட்டார். வாரந்தோறும் பாடம் நடந்தது. 1887இல் சீவக சிந்தாமணி பதிப்பு வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இந்தப் பணி முழுவதும் அந்த முன்சீபின் கேள்வியிலிருந்து தொடங்கியது.

முதலியார் ஐயருக்கு நண்பரோ உறவினரோ ஆசிரியரோ அல்லர். அப்போதுதான் அறிமுகமானவர். பின்னாளில் சமூகவியல் இத்தகைய உறவுகளைப் பற்றி வியப்பான ஒன்றைக் கண்டறிந்தது. அமெரிக்கரான மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரைக்காக, பாஸ்டன் அருகேயுள்ள நியூட்டனில் புதிதாக வேலை மாறியவர்களை விசாரித்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திக்கும் வழக்கமுள்ளவர்கள் ஏறக்குறைய 17 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர்கள் 56 விழுக்காடு. அரிதாகச் சந்திப்பவர்கள் 28 விழுக்காடு. காரணம் எளியது. நெருங்கிய நண்பர்கள் அனைவரும் ஒரே செய்தியை வைத்திருக்கிறார்கள். புதிய செய்தி வேறு வட்டத்தில் புழங்குபவரிடமிருந்தே வர முடியும். 2022இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த, லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனாளர்களை வைத்துச் செய்த ஆய்வும் இதை ஒட்டியே நின்றது. மிக நெருங்கியவரும் இல்லாமல் அறவே அந்நியரும் இல்லாமல் நடுவில் உள்ள அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின.

முதல் தலைமுறை மாணவருக்கும் இத்தகைய அறிமுகங்கள் இருக்கின்றன. அவர் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் எடுத்த ஆசிரியை, இரண்டு ஆண்டு முன்னால் படித்து முடித்துவிட்டுக் கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் சீனியர், மாவட்ட மைய நூலகத்தின் நூலகர், ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கல்விக் கடனுக்காகப் போனபோது பொறுமையாகப் பதில் சொன்ன வங்கி அதிகாரி. இவர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நலம் விசாரித்து, தாம் என்ன படிக்கிறோம் என்று சொல்லிவைப்பது காக்காய் பிடிப்பதாகாது. தாம் இருக்கும் இடத்தையும் தம் தேவையையும் இன்னொரு வட்டத்துக்குத் தெரிவிப்பது அது. கூச்சம் இந்த இடத்தில்தான் முதல் தலைமுறை மாணவரைத் தோற்கடிக்கிறது. படித்த வீட்டுப் பிள்ளை ஆசிரியர் ஒருவரின் எண்ணுக்குத் தயங்காமல் அழைத்துவிடும். இவரோ எண் கையில் இருந்தும் மூன்று மாதம் யோசிப்பார்.

சிந்தாமணியில் சாமிநாதையருக்கு இன்னொரு தடையும் இருந்தது. அது சமண நூல். சைவ மடத்தில் படித்த அவருக்கு அதன் சமயக் கொள்கைகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுள் சந்திரநாத செட்டியார் வீட்டுக்கு அவர் போன நாள், அங்கே சிந்தாமணிப் பாராயணம் நிறைவுற்ற விழா நாளாக அமைந்தது. தமிழ்ப் புலவர்கள் மறந்துபோயிருந்த நூல், சில தெருக்கள் தள்ளி ஒரு வீட்டில் ஓதப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் கேட்டுக் கேட்டு நூலின் பல இடங்களை அவர் தெளிந்தார். சைவர் ஒருவர் சமண நூலை அச்சிடுவதா என்று குறைகூறியவர்களும் அந்நாளில் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த வீட்டு வாசலை அவர் மிதித்திருக்க மாட்டார். தம் சாதிக்காரர், தம் ஊர்க்காரர், தம் சமயத்தார் என்று மட்டும் விடுதியில் அறை பிடித்து, அவர்களோடு மட்டும் உண்டு உறங்கிப் பட்டம் வாங்கும் மாணவர் கல்லூரி தரும் மிகப் பெரிய செல்வத்தைத் தொடாமலே வெளியே வருகிறார்.

பதிப்பு வெளிவந்த பிறகு அதில் குற்றங்கள் கண்டு கண்டனங்கள் அச்சாகிப் பரவின. ஐயர் வெகுண்டு ஒரு மறுப்பு எழுதினார். அதே கல்லூரியில் பணியாற்றிய சாது சேஷையர் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்தெறிந்தார். இதற்குப் பதில் எழுதத் தொடங்கினால் வாழ்நாள் அதிலேயே போய்விடும், நல்ல காரியத்துக்கு நேரம் இருக்காது என்ற கருத்தைச் சொன்னார். ஐயர் கேட்டுக்கொண்டார். கைப்பேசியில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பி அடித்து இரவைக் கழிக்கும் இன்றைய வழக்கத்தை நினைத்தால், சாது சேஷையரைப் போன்ற ஒருவரின் மதிப்பு புரியும். திருக்குறள் பொருட்பாலில் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆட்சியாளனுக்கு இடித்துரைப்பவர் வேண்டும், அவர் இல்லாவிட்டால் கெடுக்கப் பகைவரே தேவையில்லை என்பது அதன் மையக் கருத்து. இடித்துரைப்பவர் எதிரியிடமிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. எதிரி ஊரறியச் சொல்கிறார். இடித்துரைப்பவர் தனியே அழைத்துச் சொல்கிறார், சொன்ன பிறகும் கூடவே இருக்கிறார்.

சக மாணவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வயதில் நேரத்தின் பெரும்பகுதி அவர்களோடுதான் கழிகிறது. டார்ட்மத் கல்லூரியில் புதிய மாணவர்களுக்கு அறைத்தோழர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதை வைத்து புரூஸ் சாசர்டோட் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறைத்தோழரின் படிப்பு மாணவரின் மதிப்பெண்ணில் தாக்கம் செலுத்துவது உண்மை; ஆனால் அந்தத் தாக்கம் சிறியது. அடுத்து நடந்தது இன்னும் சிந்திக்க வைப்பது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில், படிப்பில் பின்தங்கியவர்களை நன்றாகப் படிப்பவர்கள் நிறைந்த குழுக்களில் திட்டமிட்டுச் சேர்த்தார்கள். பின்தங்கியவர்கள் மேலேறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. அவர்கள் மதிப்பெண் குறைந்தது. குழு ஒன்றாக இருந்தாலும் உள்ளுக்குள் அவரவர் தம்மைப் போன்றவர்களோடு தனித்தனியாகச் சேர்ந்துகொண்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நல்ல மாணவர்கள் இருக்கும் இடத்தில் உட்கார்வதால் மட்டும் பயன் விளைவதில்லை என்பது இதன் பாடம். நானூறு பேர் உள்ள டெலிகிராம் குழுவில் சேர்வதும் அப்படித்தான். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு நூலக வாசிப்பு அறைகளில் படிப்பவர்களுள், நாலைந்து பேராகச் சேர்ந்து ஆளுக்கொரு பாடத்தை எடுத்துப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறு குழுக்களைக் காணலாம். அங்கே ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்களின் வேலை நிற்கிறது. ஒருவருக்குத் தெரியாதது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அத்தகைய குழுவில் தம்மைவிடச் சற்று முன்னே இருப்பவர் ஒருவராவது இருக்க வேண்டும். தாம் சொல்லிக்கொடுக்கும் நிலையில் ஒருவராவது இருக்க வேண்டும்.

கூட்டம் முழுவதும் தவறான வழியில் போகும்போது என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் தவறான விடை சொன்னபோது, கண்ணுக்குத் தெரிந்த உண்மையையும் விட்டுப் பலர் கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். சரியான விடையை இன்னும் ஒரே ஒருவர் சொன்னாலும் அந்த ஒத்துப்போதல் பெரிதும் குறைந்தது. போலி வருகைப்பதிவு, பிட் அடிப்பது, குடி, ராகிங் என்று எதுவாக இருந்தாலும், மறுத்து நிற்கப் பெரிய கூட்டம் தேவைப்படுவதில்லை. கூட நிற்கும் ஒருவர் போதும்.

விலக வேண்டியவர்களும் உண்டு. முதல் தலைமுறை மாணவர்களையே குறிவைக்கும் ஒரு கூட்டத்தை முதலில் சொல்ல வேண்டும். தெரிந்த அண்ணன் ஒருவர், வாழ்க்கையை மாற்றும் கூட்டம் ஒன்றுக்கு வா என்று ஓட்டல் அரங்குக்கு அழைப்பார். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் கார் சாவியைக் காட்டுவார். நல்ல எண்ணம் உள்ளவர்களோடு மட்டும் சேருங்கள், எதிர்மறையாகப் பேசுபவர்களைத் தூரத் தள்ளுங்கள் என்பார். பிறகு ஒரு தொகை கட்டச் சொல்வார்; இருவரைச் சேர்த்துவிடச் சொல்வார். எதிர்மறையாகப் பேசுபவர் என்று அங்கே குறிக்கப்படுவது பெரும்பாலும் பணத்தைக் கட்டாதே என்று தடுக்கும் அம்மாதான். ஆள் சேர்ப்பதால் மட்டும் பணம் வரும் இத்தகைய சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. சட்டம் தெரியாவிட்டாலும் ஓர் அளவுகோல் போதும். கேள்வி கேட்பவரை விலக்கச் சொல்லும் எந்த வட்டமும் நல்ல வட்டமன்று. இராமசுவாமி முதலியார் அந்த அளவுகோலின்படி எதிர்மறையாளர்தான்.

எழுதியதை, செய்ததை, சொன்னதை எல்லாம் சூப்பர் என்று பாராட்டும் நண்பர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களை விலக்க வேண்டியதில்லை. அவர்கள் சொல்லைத் திருத்தமாக எடுத்துக்கொள்ளாமல் அன்பாக எடுத்துக்கொண்டால் போதும். வெற்றி வரும்போது பொறாமைப்படுபவரையும், தோற்கும்போது மட்டும் அன்பு காட்டுபவரையும் சில ஆண்டுகள் பழகிய பின்பே கண்டுகொள்ள முடியும். ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கு முன்பே நன்றாக ஆராய வேண்டும் என்று நட்பாராய்தல் அதிகாரம் வற்புறுத்துவது இதனால்தான்.

பெரியவர்களை அணுகும் முறையைப் பற்றி மாணவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். எனக்கு வழிகாட்டுங்கள் ஐயா என்று பொதுவாகக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. இந்த இரண்டு படிப்பில் எது என்று முடிவு செய்ய முடியவில்லை, இன்ன காரணத்தால் இதை நினைக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று இரண்டு வாரத்தில் திரும்பிச் சொல்பவர் மிகக் குறைவு. அப்படிச் சொல்பவரை அந்தப் பெரியவர் மறக்க மாட்டார். சாமிநாதையர் முதலியார் வீட்டுக்கு இரண்டாம் முறை போனதன் பொருளும் அதுவே. நேரத்துக்கு வருவது, கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது, உதவியவர் பெயரை நாலு பேர் முன்னால் சொல்வது ஆகியவையும் துணையைத் தேடுவதில் அடங்கும். ஐயர் தம் ஆசிரியர் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதினார். கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியும் தியாகராச செட்டியாரைப் பற்றியும் தனித்தனி நூல் எழுதினார்.

மாணவிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உதவுகிறேன் என்று வருபவர் நேரம் கெட்ட நேரத்தில் தனியே வரச் சொன்னாலோ, பேசியதை வீட்டில் சொல்லாதே என்றாலோ, அவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அந்த உறவை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு இதற்காகவே சட்டப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

அம்மா, அப்பா, பள்ளித் தோழன் ஆகியோர் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? வேங்கடசுப்பையருக்குத் தமிழிலக்கணம் கற்பிக்கத் தெரியாது. தெரிந்தவரைத் தேடி ஊர் ஊராகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகத் தெரிந்தது. பட்டப்படிப்பின் விவரம் எதுவும் தெரியாமல் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தாய் செய்வதும் அதே வேலை. நேர்காணலுக்கு எப்படிப் பேசுவது என்று அவரிடம் கேட்க முடியாது. கேட்க வேண்டியதும் இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பத்தாவதோடு நின்று மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் தோழனும் அப்படித்தான். அவனால் முன்னேற்றம் கெடும் என்று ஒதுக்குபவர்கள், தம்மைப் பல ஆண்டுகளாக அறிந்த ஒரே மனிதனை இழக்கிறார்கள்.

ஆகவே இந்த மடலைப் படிக்கும் மாணவர்கள் யாரையும் விலக்கும் வேலையிலிருந்து தொடங்க வேண்டாம். இந்தப் பருவம் முடிவதற்குள் துறை ஆசிரியர்களில் ஒருவரிடம், எழுதிய ஒரே ஒரு பக்கத்தைக் கொடுத்து, தவறுகளைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். உங்கள் வட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம், நான் இதுவரை படிக்காதது என்ன என்று கேளுங்கள். பதில் மனத்தைச் சுடலாம். அடுத்த வாரம் மறுபடியும் அவரிடம் போங்கள்.